அண்ணி தைத்த நாய்ப் பொம்மைகள்

நாய் கடித்துக் குதறுவதற்காகத் தைத்த துணிப் பொம்மையை இஸ்திரி போட்டு வைத்த மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் அண்ணி ஒருவர்தான். அந்த முதல் பொம்மை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என்னுடைய பச்சை நைட்டியின் துணி. எலும்புத் துண்டு போல வெட்டி, இரண்டு முனைகளையும் உருண்டையாக விட்டு, சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே துணிக் கீற்றுகளைத் திணித்து, ஓரங்களை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, செய்தித்தாள் விரித்த சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் நின்ற என்னிடம், "சாம்பிள் ரெடி டீச்சரம்மா. பாத்து ஓகே பண்ணு" என்றார். நான் பொம்மையைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகி, உடம்பில் இருப்பதே தெரியாத பதத்துக்கு வந்திருந்த நைட்டி அது. அந்தப் பதம் வருவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று பெண்களுக்குத்தான் தெரியும். "பழசுதானேம்மா, ஒரு பக்கம் கிழிஞ்சிக்கினு வேற இருந்துச்சு" என்றார் அண்ணி. அன்றைக்கு நான் காப்பி குடிக்காமலே மாடிக்குப் போய்விட்டேன்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. மேனாம்பேட்டில் இருக்கிற அந்த வீட்டில் கீழே அவர், மாடியில் நாங்கள். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் எல்லாம் இப்போது தெருக்களாகிவிட்டன. அண்ணி பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனிக்கு நூல் வெட்டுகிற வேலைக்குப் போனார். பிறகு டெய்லரானார், அதற்கும் பிறகு ஒரு வரிசை மிஷின்களையும் அதில் உட்கார்ந்திருக்கும் பெண்களையும் மேய்க்கிற சூப்பர்வைசரானார். நடுவில் கல்யாணம் ஆயிற்று, அது சரிப்பட்டு வரவில்லை, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். கழுத்து வலி தாங்காமல் வேலையை விட்டபோது, இனிமேல் நிம்மதியாக உட்கார்ந்து டிவி பார்ப்பார் என்று நாங்கள் நினைத்தோம். கம்பெனியை விட்டு வந்தாரே தவிர, கம்பெனியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காயப்போட்ட துணியில் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தால் "ரிஜெக்ட்டு" என்பார். நான் சுட்ட சப்பாத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். என் மகளின் பள்ளிச் சீருடையில் தொங்கிய ஒரு நூலைப் பஸ் வருகிற நேரத்தில் வாசலில் நிறுத்தி வைத்து வெட்டியிருக்கிறார். பஸ் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் என் கணவர் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பப்லு என்று பெயர் வைத்தோம். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும், பல் முளைக்கிற வயசு. செருப்பு, டிவி ரிமோட், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், நான் திருத்தி வைத்திருந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைத் தாள் என்று அதன் வாயிலிருந்து தப்பியது எதுவும் இல்லை. நான் கத்தினேன். அண்ணிதான் நாய்க்கு வக்காலத்து வாங்கினார். "அது இன்னா பண்ணும் பாவம். நமக்கு கை சொம்மா இருக்க மாட்டேங்குது, அதுக்கு வாயி. ஒரு வேலைய குட்துட்டா போச்சு." அந்த வேலையைக் கொடுப்பதற்குத்தான் என் நைட்டி போயிற்று.

நானும் சொல்லிப் பார்த்தேன். நாய்க்குப் பொம்மை செய்ய என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது? பழைய துண்டை மூன்று கீற்றாகக் கிழி, ஜடை பின்னு, இரண்டு பக்கமும் இறுக்கி ஒரு முடிச்சுப் போடு, தூக்கி எறி. அது பாட்டுக்குக் கடித்துக்கொண்டு கிடக்கும். கிழிந்தால் இன்னொரு துண்டு. இப்படித்தான் ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடிச்சு இன்னாத்துக்கு ஆவும்? ரெண்டு இழுப்புல அவுந்துடும். ஒரு மூலைல பார்டாக் அடிச்சாதான் நிக்கும்" என்றார். பார்டாக் என்றால் ஜீன்ஸ் பையின் ஓரத்தில் பிய்ந்துவராமல் இருக்க நெருக்கி நெருக்கி அடிக்கிற தையலாம். நாய்ப் பொம்மைக்கு ஜீன்ஸ் தையல்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. பருத்தித் துணி மட்டும்தான் எடுப்பார், நைலான் கலந்திருந்தால் ஒதுக்கிவிடுவார். பட்டன், ஊக்கு, ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பார். வெந்நீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, ஜீன்ஸ் காலை உள்ளே கெட்டியாக மடித்து வைத்து, மேலே மெத்தென்ற துணியைப் போர்த்தித் தைப்பார். பொம்மையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இன்னொரு முனையை இரண்டு கையாலும் இழுப்பார். தையல் லேசாக வாய் பிளந்தாலும் பிரித்து மறுபடி தைப்பார். குட்டிக்கு, நடுத்தர நாய்க்கு, பெரிய நாய்க்கு என்று மூன்று சைஸ் வேறு. பப்லுவுக்குப் பொம்மை பிடித்துப்போயிற்று. செருப்புகள் பிழைத்தன. அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நிறுத்தவில்லை. ஒரு நாய்க்குத் தைத்தது போதாதென்று தெரு நாய்களுக்குத் தைக்க ஆரம்பித்தார். என் கணவரின் லுங்கிகள் போயின. சமையலறையில் கரித்துணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சூடான குக்கரை இறக்க நான் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தவிப்பேன், பப்லு வராந்தாவில் இரட்டைத் தையல் போட்ட கரித்துணியைக் கடித்துக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கட்டைப்பை நிறையப் பொம்மைகளோடு அண்ணி கிளம்பிவிடுவார். எங்கள் தெரு, அடுத்த தெரு, முனையில் டீக்கடை, அப்படியே அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகள். அங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற திருநெல்வேலித் தம்பி ஒருவர் கோகோ என்கிற லாப்ரடார் நாயோடு தனியாகக் குடியிருந்தார். அவரிடம் பொம்மையைக் கொடுத்து, கிழிந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும், துணியை விழுங்க விடக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை துவைக்க வேண்டும் என்று வாசலிலேயே பாடம் எடுத்துவிட்டு வருவார். ஏரிக்கரையில் திரிகிற கறுப்பு நாய்க்கும் ஒன்று உண்டு. அதற்குப் பாடம் எடுக்க முடியாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டு வந்து, நாலைந்து நாள் அண்ணி மிஷினில் உட்காரவில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்திருந்தது. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிக்கொண்டு, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நடமாடிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "நகச்சுத்துக்கு டாக்டரா? நாலு பேரு சிரிப்பாங்க" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். அண்ணிக்கு வலி இருக்கிறதா என்று அண்ணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கழுத்தைத் திருப்ப முடியாமல் போன பிறகுதான் கழுத்து வலி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் தையல் மிஷினுக்கு அடியில் தரையோடு தரையாகப் படுத்திருந்தார். கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம். அதைத் தரையில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழ விரல் மட்டும் மேலே தூக்கியிருந்தது.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"ஊசி மொனைய காணோம்மா" என்றார். முகம் வெளுத்திருந்தது.

ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் டெய்லர் அப்படியே மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சிதறிய துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஊசி முழுசாகச் சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துளி குறைந்தாலும் அந்த மிஷினில் தைத்த துணி எதுவும் இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகிற சட்டையில் அது இருந்துவிடக் கூடாது அல்லவா. அண்ணி இந்தச் சட்டத்தில் ஈவு இரக்கம் இல்லாதவர் என்று அவரிடம் வேலை செய்த பெண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் தேட வைப்பாராம். அழுதாலும் விடமாட்டாராம்.

அப்படிப்பட்டவர் கை சும்மா இருக்காமல் அன்றைக்கு மறுபடி மிஷினில் உட்கார்ந்து தைத்துப் பார்த்திருக்கிறார், தையல் விட்டு விட்டு விழுந்திருக்கிறது. நூலைக் குற்றம் சொல்லி, நூலை மாற்றி, அதற்கப்புறம்தான் ஊசியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். முனையில் எள்ளு அளவு இல்லை. எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. போன தடவை தைத்த பொம்மைகளில் ஏதோ ஒன்றுக்குள் இருக்க வேண்டும், அந்தப் பொம்மைகள் எல்லாம் ஊர் நாய்களின் வாயில் இருந்தன. "ஒரு நாயி துன்னுச்சின்னா கொடல கிழிச்சிடும். எல்லாத்தையும் திருப்பி எட்துக்கினு வந்துடணும். வா" என்று செருப்பை மாட்டினார். எனக்குத் திருத்த வேண்டிய தாள்கள் ஒரு கட்டு இருந்தன, மகளுக்குத் தோசை வார்க்க வேண்டும். "நாளைக்குப் போகலாமே அண்ணி" என்றேன். "அதுக்குள்ள துன்னுடும்" என்றார். கிளம்பினோம்.

முதலில் பப்லு. பொம்மையைப் பிடுங்கப் போனால் அது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடியது. அண்ணி தன் கையாலேயே இழுத்துச் சோதித்துத் தைத்த பொம்மை ஆயிற்றே, எவ்வளவு இழுத்தும் வரவில்லை. பிஸ்கட் கொடுத்து வாங்கினோம். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதே கூத்து. கொடுத்த பொம்மையைத் திருப்பிக் கேட்கிறோம் என்று ஒரு வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். டீக்கடையில் அண்ணி கொடுத்த பெரிய சைஸ் பொம்மையைக் கடைக்கார அம்மா நாய்க்குக் கொடுக்கவே இல்லை, பால் பாத்திரத்தை இறக்குகிற கரித்துணியாக வைத்திருந்தார். "நல்லா கெட்டியா கீதுக்கா, கை சுடவே மாட்டேங்குது. இத்த போய் நாய்க்கு குடுப்பாங்களா?" என்று கேட்டார். அண்ணிக்கு அந்த நிலைமையிலும் கோபம் வந்தது. எனக்கு மட்டும் அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணி பொம்மைகளைப் பிரிக்க உட்கார்ந்தார். தானே அடித்த அந்த இரட்டைத் தையலையும் பார்டாக்கையும், நாய் எச்சிலில் ஊறிக் காய்ந்து இறுகிக் கிடந்த நூலையும், ஒரு விரலை நீட்டி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். ஒவ்வொரு கீற்றையும் உதறி, காந்தத்தின் மேல் இழுத்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தார். இல்லை. ஒன்றிலும் இல்லை. பாக்கி இருந்தவை, ராத்திரி வீடு பூட்டிக் கிடந்த அந்தத் தம்பியின் கோகோவிடம் ஒன்று, இருட்டில் தேட முடியாத ஏரிக்கரைக் கறுப்பு நாயிடம் ஒன்று.

சனிக்கிழமை விடிந்ததும் அடுக்குமாடிக்குப் போனோம். அந்தத் தம்பி கதவைத் திறந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "கோகோ அத கடிச்சு எறிஞ்சுட்டு ஆன்ட்டி. கொஞ்சம் முழுங்கிட்டுன்னு நெனைக்கேன்" என்றார். அண்ணி உடனே அந்தத் தம்பியையும் நாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆவடி போகிற வழியில் இருக்கிற ஒரு கால்நடை மருத்துவரிடம் போனார். நானும் போனேன், வேறு என்ன செய்வது. முப்பது கிலோ நாய் என் மடியில் தலையை வைத்து வழி நெடுக எச்சில் ஊற்றியது. எக்ஸ்ரே எடுக்கிறவரை அண்ணி கோகோவின் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை, துணி தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். போகிற போக்கில் அண்ணியின் கையைப் பார்த்து, "இது என்னம்மா விரல் இப்படி வீங்கியிருக்கு, யாரிடமாவது காட்டுங்க" என்றும் சொன்னார். "நாய பாருங்க டாக்டர் மொதல்ல" என்றார் அண்ணி. நாயைப் பார்த்து முடித்துத்தான் அவர் அதைச் சொன்னார்.

ஆக, மிச்சம் கறுப்பு நாய். அன்றைக்கு மத்தியான வெயிலில் ஏரிக்கரை முழுக்க ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு அலைந்தோம். ஆகாயத்தாமரை நாற்றம், காலெல்லாம் நெருஞ்சி முள். கறுப்பன் அகப்பட்டான், பிஸ்கட்டைத் தின்றான், பொம்மையைக் காணோம். எங்கே புதைத்து வைத்தானோ. புதருக்குள் குனிந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. என் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா.

"டீச்சர், இன்னா தேடிக்கினு கீறீங்க?"

"ஒரு பொம்மை."

"பாப்பாதுங்களா?"

"நாயோடது" என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றைக்கு, ஆட்டோ மறைந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரையிலேயே வெடித்துவிட்டேன். ஒரு முடிச்சு போட்டிருந்தால் ஊசியே வேண்டாமே, உங்களை யார் நாய்க்குப் பார்டாக் அடிக்கச் சொன்னது, என் நைட்டியில் ஆரம்பித்த சனியன் என்னைப் புதருக்குள் கொண்டுவந்து விட்டதே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அண்ணி வேலியோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் கையை வைத்தால் அனலாகக் கொதித்தது. எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்தேன். விரல் நுனி கறுத்து, சீழ் கோத்து, சிவப்பு உள்ளங்கை வரைக்கும் ஓடியிருந்தது.

நானும், போன் போட்டதும் ஓடிவந்த என் கணவரும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இழுத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், "கறுப்பன் பொம்ம கெடைக்கட்டும், அப்பறம் வரேன்" என்று அடம் பிடித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வாழ்நாள் எல்லாம் சட்டைகளைப் பரிசோதித்தவர் தன் ரத்தத்தை ஒரு தடவைகூடக் கொடுத்துப் பார்த்ததில்லை. பிறகு விரலை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். விரலின் கடைசி எலும்போடு ஒட்டி, பளீரென்று வெள்ளையாக, எள்ளு அளவில் ஒரு கீற்று.

"ஊசி ஏதாவது குத்துச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"டெய்லருக்கு ஊசி குத்தறதெல்லாம் ஒரு கணக்கா டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்த அண்ணி அப்படியே நின்றார். ஜீன்ஸ் மடிப்பைத் தைக்கும்போது விரலில் ஊசி இறங்கியிருக்கிறது. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவி, துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு, கடைசிப் பொம்மையில் மிச்சம் இருந்த நாலு தையலைப் போட்டு முடித்திருக்கிறார். ஊசி உடைந்ததா என்று அவர் பார்க்கவே இல்லை. அடுத்தவள் கையில் குத்தியிருந்தால் மிஷினை நிறுத்தியிருப்பார், தன் கை என்றதும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அழப்போகிறார் என்று நினைத்து நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி சிரித்தார். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அதான் டாக்டர்! அதேதான்! கெடச்சிடுச்சி!" என்று என் பக்கம் திரும்பி, "பாத்தியா டீச்சரம்மா, எந்த நாயி வயித்துலயும் இல்ல. என்னாண்டதான் கீது" என்றார். ஏரிக்கரையில் எனக்கு வந்தது ஆத்திரமே இல்லை. அந்த நிமிஷத்தில் வந்ததுதான் ஆத்திரம். எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது, சர்க்கரை இருக்கிற உடம்பு, கடைசிக் கணுவை எடுத்தால்தான் கையைக் காப்பாற்றலாம் என்று அந்த டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷி, "எட்துக்கங்க, எட்துக்கங்க. ஆனா அந்த மொனய மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, என் கைல குடுத்துடணும்" என்கிறார். விரலைக் கேட்கவில்லை, முனையைக் கேட்கிறார். நர்ஸுகள் பார்க்கப் பார்க்க நான் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. என் கணவர்தான் என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் பொருள் வீட்டிலிருந்த அந்த உடைந்த ஊசி. ஒரு காகிதத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாராம். என் கணவர் போய் எடுத்து வந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் டாக்டர் கொடுத்த முனையை, இடது கையால் தட்டுத் தடுமாறி, அந்த ஊசியின் நுனியில் கொண்டுபோய் வைத்தார். இடைவெளி இல்லாமல் சேர்ந்தது. "முழுசா கீது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். பக்கத்தில் வெள்ளைக் கட்டுப் போட்ட வலது கை தலையணை மேல் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் நடந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. இனிமேல் மிஷின் பக்கம் போகமாட்டார் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். டாக்டரும் சொன்னார். புண் ஆறிய மறு மாதமே கீழ் வீட்டில் மிஷின் சத்தம் கேட்டது. துணியைத் தள்ளுவதற்கு நடு விரலைப் பழக்கிக்கொண்டுவிட்டார். பார்டாக்கும் போகவில்லை, இஸ்திரியும் போகவில்லை, என் வீட்டில் இன்றைய தேதி வரைக்கும் கரித்துணியும் இல்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் நான் கீழே இறங்கிப் போய் எதிரில் நின்று விழுங்க வைக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்பப் பார்க்கிறார், மாத்திரை கசக்கிறதாம். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நாற்பத்தோராவது பிள்ளை இது.

ஒரு சட்டம் மட்டும் நான் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மைப் பையைத் தூக்குவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் என் எதிரில் மேசைமேல் விரித்து வைக்க வேண்டும். நான் பார்த்து ஓகே சொன்னால்தான் பை வாசலைத் தாண்டும். கத்திப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார், நான் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பை தோளில் தொங்க, செருப்புக் காலோடு வந்து உட்கார்ந்து, வேண்டா வெறுப்பாகக் கைகளை நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பி, நுனியை அழுத்தி, வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வாய் சொல்வதை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன்.

"எம்மா நேரம்மா பாப்ப? கறுப்பன் அங்க காத்துக்கினு கீது" என்று சிடுசிடுத்தார். வலது கையில் அந்தக் குறை விரலை மட்டும் வழக்கம்போல உள்ளுக்குள் மடக்கி வைத்திருந்தார்.

"அதையும் நீட்டுங்க அண்ணி" என்றேன்.

"அதுலதான் ஒண்ணியும் இல்லியே."

"நீட்டுங்க."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக விரலை விரித்தார்.